மூன்று நொடி நினைவு

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பழைய கடன்கள் இருக்கக்கூடாது என்பார்கள். எனக்கு இரண்டு உண்டு. இரண்டும் பணக்கடன் அல்ல. ஒன்று, ஒரு மாணவிக்கு நான் சொல்லாமல் விட்ட விடை. மற்றொன்று, என் இளைய மகனிடம் நான் சொல்லியிருக்கக் கூடாத ஒரு வாக்கியம். இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். முதல் கடனை அடைக்க முயன்றபோதுதான் இரண்டாவது கடன் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் புலப்பட்டது. அந்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன்.

1994ஆம் ஆண்டு. மேல்நிலை வகுப்பில் தாவரவியல் பாடம். அன்று வேர் முடிச்சுகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் அவரைக் குடும்பச் செடியொன்றின் வேரை வரைந்து, அதன்மேல் சிறு சிறு உருண்டைகளை இட்டு, "இந்த முடிச்சுகளுக்குள் ரைசோபியம் என்னும் பாக்டீரியா வாழ்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. செடி அதற்கு உணவளிக்கிறது. இதுவே கூட்டுயிர் வாழ்க்கை" என்று ஆண்டுதோறும் சொல்லும் அதே சொற்களைச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"சார், அந்த பாக்டீரியா முதலில் மண்ணில்தானே இருக்கிறது? வேர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது?"

"வேர் சில வேதிப்பொருள்களைக் கசிய விடும். அவற்றை நோக்கி அது வரும்."

"அதற்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து கசிகிறது என்று எப்படித் தெரியும், சார்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் இல்லை. "தேர்வுக்கு இவ்வளவு போதும், உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் வேறெதையும் கேட்கவில்லை.

ஓர் ஆசிரியனுக்கு விடை தெரியாமற்போவது குற்றமல்ல. கேள்வியை உட்கார வைப்பதுதான் குற்றம். அவள் கேட்ட கேள்விக்கு விடை, அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்குத் தெரிந்திருந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் நான் அறிந்தேன்.

*

இந்த வேர் முடிச்சை எனக்கு முதலில் காட்டியது பாடநூல் அல்ல, என் தந்தை. எங்கள் மானாவாரி நிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் நிலக்கடலை விதைப்பார். செடி பூக்கும் பருவத்தில் வரப்போரமாக ஒன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரில் ஒட்டியிருக்கும் மணி மணியான முடிச்சுகளில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கீறிக் காட்டுவார். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். "பாத்தியாடா, ரத்தம் இருக்கு. இப்படி இருந்தா செடிக்குக் கவலையில்ல" என்பார். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முகம் சுருங்கும்.

பள்ளி வாசலையே அதிகம் மிதித்திராத அவர் சொன்னது எவ்வளவு சரியானது என்பதைப் பின்னாளில் படித்தபோது வியந்தேன். அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம். நம் குருதியைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு அது உறவு. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். எனவே ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, வேண்டிய அளவு மட்டும் பாக்டீரியாவுக்கு வழங்கும் பொறுப்பை இந்தப் புரதம் ஏற்றிருக்கிறது. ரத்தம் என்று தந்தை சொன்னது வெறும் உவமை அன்று.

இந்த முடிச்சுகளின் பயனை 1886இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ரீகல் அறிவித்தார். 1888இல் நெதர்லாந்தின் பெயரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். இன்று அந்த பாக்டீரியா பொட்டலத்தில் கிடைக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் கலந்து, விதையோடு பிசறி, நிழலில் உலர்த்தி விதைப்பதைப் பல ஊர்களில் காணலாம். வெயில் பட்டால் பாக்டீரியா மடிந்துவிடும் என்பதால்தான் நிழல்.

ஆனால் விதையில் ஒட்டவைத்துவிட்டால் மட்டும் போதாது. வேர் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது, கிளைக்கிறது. வேரின் அருகே செல்ல வேண்டிய பயணத்தை அந்த நுண்ணுயிரே மேற்கொள்ள வேண்டும். ஓர் அரிசியின் நீளத்துக்கு அத்தகைய உயிர்கள் சில ஆயிரம் வரிசையாக நிற்கலாம். அவ்வளவு சிறியதற்கு, வேருக்குச் சில மில்லிமீட்டர் தொலைவு என்பது நமக்கு ஊர் விட்டு ஊர் போவது போன்றது. மணல் துகள்களுக்கிடையே படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலமே அதற்குப் பாதை. மண் காய்ந்தால் பாதை அறுந்துவிடும்.

வேரும் சும்மா இருப்பதில்லை. இலைகள் வெயிலில் சமைத்த உணவில் ஒரு பங்கைச் சர்க்கரையாக, அமினோ அமிலங்களாக, கரிம அமிலங்களாக மண்ணில் கசிய விடுகிறது. வேரைச் சுற்றியுள்ள இந்த வளமான மண் வளையத்துக்கு லோரன்ஸ் ஹில்ட்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1904இல் தனிப் பெயரே இட்டார். வேரடி மண்டலம் என்று நாம் சொல்லலாம். வேருக்கு அருகில் கசிவு அடர்த்தியாக இருக்கும். விலக விலக நீர்த்துப்போகும். அந்த அடர்த்தியின் ஏற்றத்தில் ஏறினால் வேரை அடையலாம். என் மாணவியின் கேள்வி இங்கேதான் நிற்கிறது: கண்ணில்லாத ஒன்று அந்த ஏற்றத்தை எப்படி உணரும்?

*

இந்தக் கேள்வியை முதலில் சோதனைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் வில்ஹெல்ம் ஃபெஃபர். 1880களில் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. தலைமயிர் போன்ற நுண்ணிய கண்ணாடிக் குழலில் இறைச்சிச் சாறு போன்ற ஒன்றை நிரப்பி, பாக்டீரியாக்கள் நீந்தும் துளி நீரில் அதன் வாயை வைத்தார். சற்று நேரத்தில் பாக்டீரியாக்கள் குழலின் வாயில் மொய்த்தன, உள்ளேயும் புகுந்தன. அவை வேதிப்பொருளை நாடிச் செல்கின்றன என்பது உறுதியாயிற்று. இதை வேதிநாட்டம் என்கிறோம்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் அட்லர் என்பவர் அதே குழல் சோதனையைச் செம்மைப்படுத்திக் கையிலெடுத்தார். அவர் ஆராய்ந்தது நம் குடலில் வாழும் எஸ்கெரிச்சியா கோலை என்னும் பாக்டீரியா. ஒரு சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலை இழந்த பாக்டீரியாக்களை எடுத்துக்கொண்டார். தமக்கு உணவாகாத அந்தச் சர்க்கரையை நோக்கியும் அவை நீந்தின. மாறாக, உணவாகக்கூடிய சில பொருள்கள் அவற்றை ஈர்க்கவில்லை. உண்டு பார்த்து நல்லது என்று அறிந்து அவை வருவதில்லை. உண்பதற்கு முன்பே, உடலின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் என்னும் புரதங்கள் அப்பொருளைத் தொட்டு உணர்கின்றன. 1969இல் அட்லர் இதை வெளியிட்டார்.

அந்தக் குடல்வாழ் பாக்டீரியாவிடம் இத்தகைய ஏற்பிகள் ஐந்தே வகை. மண்ணில் வாழ்பவற்றிடமோ இன்னும் பல. புல்லினப் பயிர்களின் வேரைச் சூழ்ந்து வாழும் அசோஸ்பைரில்லத்திடம் நாற்பதுக்கும் மேல். மண் என்பது குடலைவிடக் கடினமான உலகம். அங்கே பிழைப்பதற்குப் பல வாசனைகளை அறிந்திருக்க வேண்டும் போலும்.

*

உணர்கிறது என்பது சரி. திசை எப்படித் தெரிகிறது?

நமக்கு எளிதில் தோன்றும் விடை, உடலின் முன்பக்கத்தில் அடர்த்தி அதிகமா, பின்பக்கத்தில் அதிகமா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பது. ஆனால் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அவ்வளவு குறுகிய இடைவெளியில் அடர்த்தி வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம்.

1972ஆம் ஆண்டில் இரண்டு சோதனைகள் இந்த முடிச்சை அவிழ்த்தன. கொலராடோவில் ஹோவர்ட் பெர்க் என்பவர், நீந்தும் ஒற்றை பாக்டீரியாவை விடாமல் பின்தொடரும் ஒரு நுண்ணோக்கியை உருவாக்கியிருந்தார். அதில் டக்ளஸ் பிரவுனுடன் சேர்ந்து அவர் கண்டது இது: பாக்டீரியா ஏறத்தாழ ஒரு நொடி நேராக ஓடுகிறது. பிறகு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் நிலைதடுமாறிப் புரள்கிறது. புரண்ட பின் எந்தப் பக்கம் முகம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமாக மீண்டும் ஓடுகிறது. அந்தத் திரும்பல் ஏறக்குறையக் குருட்டாம்போக்கானது. ஓட்டம், புரளல், ஓட்டம், புரளல். அதன் வாழ்க்கைப் பயணம் முழுவதும் இவ்விரண்டே. உடலிலிருந்து நீளும் கசையிழைகள் ஒரு பக்கமாகச் சுழலும்போது ஒன்றாய்ப் பின்னிக்கொண்டு உடலை உந்துகின்றன. எதிர்ப்பக்கமாகச் சுழலும்போது பின்னல் பிரிந்து உடல் புரள்கிறது.

பெர்க்லி நகரில் ராபர்ட் மக்நாப், டேனியல் கோஷ்லண்ட் என்னும் இருவர் வேறொரு சோதனை செய்தனர். நீந்திக்கொண்டிருந்த பாக்டீரியாக்களை, அவை விரும்பும் அமினோ அமிலம் ஒன்று மிகுந்த நீரோடு நொடிப்பொழுதில் கலந்தனர். கலந்த பின் நீர் முழுவதும் ஒரே அடர்த்தி. முன்னும் பின்னும் ஒப்பிடுகிற உயிராயின் அதற்கு எந்த வேறுபாடும் தெரியக்கூடாது. ஆனால் அவை உடனே புரள்வதை நிறுத்திவிட்டு நேராக ஓடத் தொடங்கின. மாறாக, அடர்த்தியைத் திடீரெனக் குறைத்தபோது நிற்காமல் புரண்டன. சற்று நேரம் கழித்து, இரண்டிலும், பழைய நடைக்கே திரும்பின.

விடை கிடைத்துவிட்டது. அது முன்பக்கத்தைப் பின்பக்கத்தோடு ஒப்பிடவில்லை. இப்போதைச் சற்று முன்போடு ஒப்பிடுகிறது. அதாவது அதற்கு நினைவு உண்டு.

மின்சாரம் போன இரவில், வீட்டில் எங்கோ பழுத்திருக்கும் பலாப்பழத்தைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அடி நடக்கிறோம். வாசனை முன்னைவிடக் கூடினால் இன்னும் சற்று நடக்கிறோம். கூடவில்லையென்றால் வேறெப்பக்கமாவது திரும்பி மீண்டும் நடக்கிறோம். திரும்பும் பக்கம் சரியா தவறா என்பது அப்போது தெரியாது. நடந்து பார்த்தால்தான் தெரியும். பாக்டீரியா செய்வது அவ்வளவே. நிலைமை மேம்பட்டுக்கொண்டிருந்தால் புரளலைத் தள்ளிப்போடுகிறது. இல்லையென்றால் வழக்கம்போல் புரள்கிறது. அது திசையைத் தேர்வதில்லை. எப்போது திரும்பாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அறிந்திருக்கிறது. அந்தச் சிறு அறிவினால், ஆயிரம் தவறான திருப்பங்களுக்கிடையே, மெல்ல மெல்ல வேரை நெருங்குகிறது.

மண்வாழ் உயிர்கள் எல்லாம் இதே விதமாகப் புரள்வதில்லை. குதிரை மசாலின் வேரில் முடிச்சிடும் சைனோரைசோபியத்தின் கசையிழைகள் ஒரே பக்கமாகத்தான் சுழலும். சில இழைகள் வேகம் தளரும்போது அதன் உடல் திரும்புகிறது. குதிரை மசாலின் விதை முளைக்கையில் கசியும் புரோலின் என்னும் அமினோ அமிலத்தை அதன் ஏற்பி ஒன்று நேரடியாகப் பற்றி உணர்கிறது என்று வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2014இல் காட்டினர். வழிமுறைகள் சற்றே மாறினாலும் நெறி ஒன்றுதான்: சற்று முன்பைவிட இப்போது எப்படி?

யாரும் சொல்லவில்லை, அம்மா. வேர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவும் தெரியாது. அடைந்த பிறகுகூட, இதைத்தான் தேடினேன் என்று அது அறியாது. எங்கிருக்கிறாயோ, இதை வாசிக்க நேர்ந்தால், முப்பது ஆண்டுகள் காலம் கடந்து வரும் இந்த விடையைப் பொறுத்துக்கொள். நீ கேட்டது நல்ல கேள்வி.

*

முதல் கடனை இப்படி ஓரளவு தீர்த்தேன். ஆனால் படித்தவற்றுள் ஒரு செய்தி என்னை விடவில்லை. அந்த நினைவின் அளவு.

பெர்க்கும் அவரோடு பணியாற்றியவர்களும் 1986இல் இதை அளந்து வெளியிட்டனர். பாக்டீரியா, கடந்த ஒரு நொடியில் தான் உணர்ந்ததை அதற்கு முந்தைய மூன்று நொடிகளில் உணர்ந்ததோடு ஒப்பிடுகிறது. அதற்கு முன் நடந்தது எதுவும் கணக்கில் இல்லை. ஏற்பியின்மீது மெத்தில் என்னும் சிறு வேதித் துணுக்குகள் ஏறுவதும் இறங்குவதுமாக இந்த நினைவு எழுதப்படுகிறது, அழிக்கப்படுகிறது. புதிய அடர்த்திக்கு ஏற்பத் துணுக்குகள் ஏறியதும், அந்த அடர்த்தியே இனி அதற்கு இயல்பு நிலை. அங்கிருந்துதான் அடுத்த ஒப்பீடு தொடங்கும்.

ஏன் இவ்வளவு குறுகிய நினைவு? அதற்குக் காரணம் உண்டு. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் அந்தச் சிற்றுடலை ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கின்றன. நேராகச் செல்ல முயன்றாலும் ஏறத்தாழ பத்து நொடிகளுக்குள் அது பழைய திசையை இழந்துவிடும். பத்து நொடிகளுக்கு முன் உணர்ந்தது வேறொரு பாதையைப் பற்றிய செய்தி. இப்போது போகும் பாதைக்கு அது உதவாது. உதவாததோடு, தவறான வழியையும் காட்டும். மறக்க இயலாத பாக்டீரியா ஓரிடத்தில் ஒருமுறை நல்லுணவு கண்டுவிட்டால் அதன் பிறகு எதைக் கண்டாலும் குறைவென்றே கருதிப் புரண்டுகொண்டிருக்கும். நினைவே இல்லாததும் வேரை அடையாது, வெறுமனே அலையும். நினைவு மிகுந்ததும் அடையாது. இரண்டுக்கும் நடுவே, ஒப்பிடப் போதுமானதாக, ஆனால் பழையதைச் சுமக்காததாக ஒரு நினைவு வேண்டியிருக்கிறது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

*

என் இளைய மகன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டான். ஓர் அச்சகத்தில் சேர்ந்தான்; விட்டான். கைபேசி பழுதுபார்க்கக் கற்றான், கடை வைத்தான், மூடினான். லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதினான். நண்பனோடு கூட்டாக உணவுக்கடை நடத்தினான். அண்ணனோ படித்த வேலையில் சேர்ந்து ஒரே ஊரில் நிலையாக இருந்தான். உறவினர் வீடுகளில் மூத்தவனைப் பற்றி நான் பேசுவேன். இளையவனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

உணவுக்கடையையும் விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு வந்த நாளில், வாசற்படியில் நின்றுகொண்டு அவனிடம் சொன்னேன்: "எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஓடுகிறவன் எங்கேயும் போய்ச் சேரமாட்டான்." அவன் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் பேருந்தில் போய்விட்டான். அதன் பிறகு பல ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சு என்பது, "அம்மா இருக்காங்களா?" "இரு, கொடுக்கிறேன்" என்ற அளவில் நின்றது.

பண்டிகைகளுக்கு வருவான். வரும்போதெல்லாம் நான் அவனைப் பார்ப்பதில்லை. கல்லூரியில் சேர்த்த அன்று புதுச் சட்டையோடு நின்ற அந்தப் பதினெட்டு வயதுப் பையனைப் பார்ப்பேன். அவன் அடைந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பேன். கட்டிய கட்டணத்தை நினைப்பேன். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அளவுகோலை எடுத்து, இன்றைய மனிதனை ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருந்தேன். அந்த அளவில் அவன் எப்போதும் குறைந்தே தெரிந்தான்.

ஒரு நாள் என் துணைவியிடம் கேட்டேன். "அவன் ஏன் ஒவ்வொரு வேலையையும் விட்டான் என்று உனக்குத் தெரியுமா?"

"இப்பவாவது கேக்கணும்னு தோணிச்சே" என்றாள். பிறகு சொன்னாள். கல்லூரியில் அவனுக்குப் பாடம் பிடிபடவே இல்லை. என்னிடம் சொல்ல அஞ்சி இரண்டு ஆண்டுகள் இழுத்திருக்கிறான். அச்சகத்தில் சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோனது. லாரி ஆபீஸில் எடையை மாற்றி எழுதச் சொன்னார்கள். உணவுக்கடையில் அவனுக்குப் பிடித்தது கடைக்குப் பின்னால் அவன் வைத்த கீரைப் பாத்தியும் கறிவேப்பிலைச் செடிகளும்தான். அங்கிருந்தே ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். இப்போது அங்கே ஆறு ஆண்டுகளாக இருக்கிறான்.

ஆறு ஆண்டுகள். அவன் ஓரிடத்தில் நிலைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்ததை நான் கவனிக்கவேயில்லை. அவனுடைய ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வோரிடத்திலும் அவன், இது முன்னைவிட நன்றாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். இல்லையென்றபோது திரும்பியிருக்கிறான். இருக்கிறதென்று கண்டபோது திரும்பாமல் இருக்கிறான். வெறும் அலைச்சலுக்கும் தேடலுக்கும் வேறுபாடு அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் வேறுபாடு புரியும். நான் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு கேள்வியை உட்கார வைத்தேன். வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே இருந்தேன்.

நுண்ணுயிர் நமக்கு நீதி சொல்ல வரவில்லை என்பதை நான் அறிவேன். மனிதன் மூன்று நொடி நினைவோடு வாழ முடியாது. நன்றியை மறக்கக் கூடாது. கொடுத்த வாக்கை மறக்கக் கூடாது. இறந்தோரை மறக்கக் கூடாது. இலக்கு வைத்து உழைப்பவரை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளை, நம் உடன்பிறந்தாரை, ஏன், நம்மையேகூட அளக்கும்போது எந்த நாளோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதை ஒரு முறையாவது கேட்டுப் பார்க்கலாம். ஒருவர் நேற்றிலிருந்து இன்றைக்கு ஓரடி முன்வந்திருக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கைக் கையில் வைத்திருப்பவர் கண்ணுக்கு அந்த ஓரடி தெரியாது.

*

சென்ற மழைக்காலத்தில் அவன் வந்திருந்தான். பையில் இரண்டு அகத்திக் கன்றுகள். "அம்மா கேட்டாங்க" என்றான். கொல்லையில் குழி வெட்டினான். நான் திண்ணையிலிருந்து இறங்கி அருகே போய் நின்றேன். கன்றின் கறுப்புப் பிளாஸ்டிக் பையை அவன் கிழித்தபோது, ஈர மண்ணோடு வேர் தெரிந்தது. வேரில் மணி மணியாக முடிச்சுகள்.

அவன் ஒன்றைக் கிள்ளி, நகத்தால் கீறி, என் பக்கம் நீட்டினான். "பாருங்கப்பா, உள்ளே சிவப்பா இருக்கு. பிழைச்சுக்கும்."

என் தந்தை இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. இதை அவன் அவரிடம் கற்றிருக்க வழியில்லை. பண்ணையில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது தானே கண்டிருக்க வேண்டும். நான் அந்த முடிச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன்.

வழக்கமாக அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி என் நாவில் வந்து நின்றது. 'அடுத்து என்ன செய்வதாக உத்தேசம்?' அதை விழுங்கிவிட்டு, "இப்ப எப்படிப்பா இருக்கு அங்கே?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் சற்று வியப்போடு நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் பரவாயில்லப்பா" என்றான்.

நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் மண்ணைத் தள்ளி, காலால் மெல்ல மிதித்து இறுக்கினான்.